முன் பிரேக்கைத் தொடாதே என்ற அறிவுரை

வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளும் முதல் நாளிலேயே நம் ஊரில் இந்த அறிவுரை கிடைத்துவிடும். “முன் பிரேக்கை மட்டும் தொடாத, தூக்கி அடிச்சிரும்.” அப்பா சொல்வார், சித்தப்பா சொல்வார், மைதானத்தில் பின்னால் உட்கார்ந்து கற்றுக்கொடுக்கும் நண்பன் சொல்வான். அன்றைக்குக் காதில் விழுந்தது அப்படியே கைக்குள் இறங்கிவிடுகிறது. பைக் என்றால் வலது கால், ஸ்கூட்டர் என்றால் இடது கை. முப்பது வருடம் ஓட்டியும் வலது கை பிரேக் லிவரை முழுதாக அழுத்தியே பார்க்காதவர்கள் ஏராளம். அவர்களுடைய வண்டியில் பின் பிரேக் லைனிங் வருடத்துக்கு ஒரு முறை மாறும். முன் பிரேக் பேட் வாங்கியபடியே இருக்கும்.

இந்த அறிவுரை முழுப் பொய்யாக இருந்தால் இவ்வளவு காலம் நின்றிருக்காது. அதில் பாதி உண்மை இருப்பதுதான் சிக்கல். ஓடும் வண்டியில் பின் சக்கரம் சுற்றாமல் பூட்டிக்கொண்டால் வண்டியின் வால் அலையும், ஆனாலும் பல சமயம் சமாளித்துவிடலாம். முன் சக்கரம் பூட்டிக்கொண்டால் ஹேண்டில் பேச்சைக் கேட்காது. அரை நொடிக்குள் ஆள் தரையில் கிடப்பார். அப்படி ஒருமுறை விழுந்தவர்தான் அடுத்த தலைமுறைக்கு அந்த அறிவுரையைச் சொல்கிறார். பதறி மொத்தமாகப் பிடித்ததும், தெருமுனையில் கிடந்த மணலும், தேய்ந்துபோன டயரும் அந்தக் கதையில் இருக்காது. “முன் பிரேக்” மட்டும் நிற்கும்.

சக்கரம் பூட்டாமல் காக்கும் ஏபிஎஸ், முன் பின் பிரேக்குகளை இணைக்கும் சிபிஎஸ் என்ற இரண்டு ஏற்பாடுகளும் கட்டாயமாகிச் சில வருடங்கள் ஆனபிறகும் இந்தப் பழைய அறிவுரை எனக்கு உறுத்திக்கொண்டே இருப்பதற்குக் காரணம் உண்டு. இந்த இரண்டு ஏற்பாடுகளும் வந்ததே முன் பிரேக் மீதுள்ள பயத்துக்கு மருந்தாகத்தான். ஆனால் அந்தப் பயம் இன்னும் உயிரோடு இருப்பதால், காசு கொடுத்து வாங்கிய பாதுகாப்பு பல வண்டிகளில் வேலையே செய்யாமல் கிடக்கிறது. சில வண்டிகளில் அதை ஸ்பானர் போட்டுக் கழற்றியும் விட்டிருக்கிறார்கள்.

200 கிலோ எங்கே போகிறது

வண்டியும் ஓட்டுபவரும் சேர்ந்து 200 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நிற்கும்போது முன் சக்கரத்தில் 90 கிலோ, பின் சக்கரத்தில் 110 கிலோ. இருசக்கர வண்டிகளில் இது சாதாரணமான பங்கீடு. இனி பிரேக் பிடிக்கும்போது நடப்பதைப் பார்க்க வேண்டும். மொத்த எடையின் மையம் தரையிலிருந்து சுமார் 60 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. இரண்டு சக்கரங்களுக்கும் இடையே சுமார் 130 சென்டிமீட்டர். காய்ந்த தார் ரோட்டில் நல்ல டயர் தாங்கக்கூடிய அளவுக்கு, அதாவது புவியீர்ப்பில் பத்தில் எட்டுப் பங்கு வேகக்குறைப்போடு பிரேக் பிடித்தால், பின் சக்கரத்திலிருந்து 74 கிலோ கிளம்பி முன் சக்கரத்துக்குப் போய்விடும். அப்போது முன்னால் 164, பின்னால் வெறும் 36. டயர் ரோட்டைப் பிடிக்கும் பலம் அதன்மேல் அழுந்தும் எடையைப் பொறுத்தது என்பதால், அந்த நேரத்தில் வண்டியை நிறுத்தும் வேலையில் ஐந்தில் நான்கு பங்கு முன் சக்கரத்துடையது.

இதே கணக்கை மீட்டரில் போட்டால் இன்னும் தெளிவாகும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் பின் பிரேக்கை மட்டும், டயர் பூட்டும் எல்லை வரை அழுத்திப் பிடித்தால் வண்டி நிற்க ஏறக்குறைய 44 மீட்டர் ஆகும். முன் பிரேக்கை மட்டும் அதே எல்லை வரை பிடித்தால் 25 மீட்டர். இரண்டையும் சரியாகப் பிடித்தால் 18 மீட்டர். பிரேக்கைத் தொடுவதற்கு முன் ஓடும் தூரம் இதில் சேராது; ஒரு நொடி தாமதித்தால் அதிலேயே 17 மீட்டர் போய்விடும். பின் பிரேக்கை மட்டும் நம்புபவருக்கும் இரண்டையும் பயன்படுத்துபவருக்கும் நடுவே 26 மீட்டர். இரண்டு டவுன் பஸ்ஸை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினாலும் அதற்குள் அடங்கிவிடும்.

அந்த 74 கிலோ உடனே இடம் மாறிவிடாது என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும். முன் ஃபோர்க், அதாவது முன் சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன், அமுங்க நொடியில் சில பத்தில் ஒரு பங்கு நேரம் பிடிக்கும். அதற்குள் லிவரைச் சட்டென்று மொத்தமாக இறுக்கினால், முன் சக்கரத்தின்மேல் இன்னும் 90 கிலோதான் இருக்கிறது. டயர் தாங்குவது 72 கிலோ விசை. அதைவிட அதிகமாக இறுக்கினால் பூட்டிக்கொள்ளும். அதே லிவரை முதலில் லேசாகத் தொட்டு, ஃபோர்க் அமுங்குவதை உணர்ந்து, பிறகு அழுத்தினால் டயர் 131 கிலோ விசை வரை தாங்கும். அதே வண்டி, அதே ரோடு, அதே கை. பதறிப் பிடித்தவர் விழுகிறார், படிப்படியாக அழுத்தியவர் நிற்கிறார். “தூக்கி அடிச்சிரும்” என்ற கதையின் மீதிப் பாதி இதில்தான் இருக்கிறது.

பின்னால் ஆள் உட்கார்ந்தால் கணக்கு கொஞ்சம் மாறும். பின் சக்கரத்தில் எடை கூடுவதால் பின் பிரேக்குக்கு வேலை அதிகம். அப்போதும் முன் பிரேக்தான் பெரிய பங்காளி.

ஒரே பயத்துக்கு இரண்டு மருந்து

முன் பிரேக்கைப் பிடிக்கப் பயப்படுபவருக்கு இரண்டு வழியில் உதவலாம். அவர் பின் பிரேக்கைப் பிடிக்கும்போதே முன் பிரேக்கும் தானாகப் பிடிக்கும்படி இணைத்துவிடலாம். அல்லது, எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் முன் சக்கரம் பூட்டாதபடி காத்துக்கொடுத்து, பயப்படக் காரணமே இல்லாமல் செய்யலாம். முதல் வழி சிபிஎஸ், இரண்டாவது ஏபிஎஸ்.

இணைப்பு பிரேக் பழைய யோசனைதான். இத்தாலியின் மோட்டோ குஸி 1975இல் 850 டி3 மாடலில் கால் பெடலோடு பின் டிஸ்க்கையும் முன்னால் இருக்கும் இரண்டு டிஸ்க்குகளில் ஒன்றையும் சேர்த்து இணைத்தது. ஏபிஎஸ் பைக்குக்கு வர இன்னும் பதிமூன்று வருடம் ஆனது. 1988இல் பிஎம்டபிள்யூ கே100 பைக்கில் வந்த அந்த அமைப்பு சுமார் 11 கிலோ எடை. இன்று நம் ஊர் 150 சிசி வண்டியில் இருக்கும் ஏபிஎஸ் பெட்டி ஒரு கிலோவைத் தொடாது, உள்ளங்கையில் அடங்கும். இந்திய நிறுவனங்களில் ஓசூரின் டிவிஎஸ் 2011இல் அப்பாச்சி ஆர்டிஆர் 180 வண்டியில் இதைக் கொண்டுவந்தது.

சட்டம் வந்தது அதற்குப் பிறகு. புதிய மாடல்களுக்கு 2018 ஏப்ரல் 1 முதலும், ஏற்கெனவே விற்பனையில் இருந்த மாடல்களுக்கு 2019 ஏப்ரல் 1 முதலும், 125 சிசிக்கு மேற்பட்ட இருசக்கர வாகனங்களுக்கு ஏபிஎஸ் கட்டாயம். 125 சிசி வரை ஏபிஎஸ் அல்லது சிபிஎஸ், இரண்டில் ஒன்று. விலை காரணமாகப் பெரும்பாலான நிறுவனங்கள் சிபிஎஸ்ஸையே தேர்ந்தெடுத்தன. ஹோண்டா காம்பி பிரேக் என்கிறது, டிவிஎஸ் எஸ்பிடி, ஹீரோ ஐபிஎஸ், யமஹா யூபிஎஸ் என்கின்றன. பெயர் எதுவாக இருந்தாலும் வேலை ஒன்றே. 2025 ஜூனில் எல்லாப் புதிய இருசக்கர வாகனங்களுக்கும் ஏபிஎஸ் என்று மத்திய அரசு ஒரு வரைவு அறிவிப்பை வெளியிட்டது. அது எப்படிப் போனாலும், சிபிஎஸ் பொருத்திய கோடிக்கணக்கான வண்டிகள் இன்னும் பல வருடம் நம் ரோட்டில் ஓடத்தான் போகின்றன. அதனால் அதைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும்.

தளர்த்தி விட்ட கேபிள்

முன்னும் பின்னும் டிரம் பிரேக் உள்ள ஸ்கூட்டரை எடுத்துக்கொள்வோம். இடது லிவரை அழுத்தினால் கேபிள் நேராகப் பின் சக்கரத்துக்குப் போவதில்லை. நடுவில் ஈக்வலைசர் என்ற ஒரு சின்ன இரும்புக் கோல் இருக்கிறது. தராசுக் கோல் மாதிரிதான். ஒரு முனையில் பின் பிரேக் கேபிள், மறுமுனையில் முன் பிரேக்குக்குப் போகும் இணைப்புக் கேபிள். முன்பக்கத்தில் ஒரு ஸ்பிரிங் எதிர்த்து நிற்கும். லேசாக அழுத்தும்போது ஸ்பிரிங் அசையாது, விசை முழுக்கப் பின் பக்கம் போகும். இன்னும் அழுத்தினால் ஸ்பிரிங் இறங்கிவந்து முன் பிரேக்கையும் இழுக்கும். வலது லிவர் வழக்கம்போல முன் பிரேக்குக்கு மட்டும். முன்னால் டிஸ்க் உள்ள வண்டிகளில் இணைப்பு எங்கே சேர்கிறது என்பது மாடலுக்கு மாடல் மாறும். பைக்குகளில் இடது லிவருக்குப் பதில் கால் பெடல்.

இதில் மின்சாரம் இல்லை, சென்சார் இல்லை, மீட்டரில் எச்சரிக்கை விளக்கும் இல்லை. எளிமையாக இருப்பது நல்லதுதான். ஆனால் இது வேலை செய்யாமல் போனால் யாருக்கும் தெரியாது என்ற ஆபத்தும் அந்த எளிமையில்தான் இருக்கிறது.

அது எப்படி வேலை செய்யாமல் போகிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஸ்கூட்டர் வாங்கி இரண்டு மழைக்காலம் கடந்திருக்கும். முன் டிரம்முக்குள் பிரேக் ஷூவை விரிக்கும் கேம் என்ற தண்டு இருக்கிறது. லிவரை அழுத்தும்போது அது திரும்பி இரண்டு ஷூவையும் வெளியே தள்ளும். அதில் தடவிய கிரீஸ் லைனிங் தூசியோடு கலந்து தார் மாதிரி இறுகிவிடும். தண்ணீர் போய்த் துருவும் சேரும். லிவரை விட்டபிறகும் கேம் முழுதாகத் திரும்பாது. ஷூ டிரம்மை உரசிக்கொண்டே இருக்கும். வாடிக்கையாளர் வந்து சொல்வது: “அண்ணே, வண்டி இழுக்கவே மாட்டேங்குது, மைலேஜும் குறைஞ்சிருச்சு.” முன் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தால் இறுக்கமாக இருக்கும். இந்த இடத்தில்தான் இரண்டு வழி பிரிகிறது. சக்கரத்தைக் கழற்றி, கேமை எடுத்துச் சுத்தம் செய்ய முக்கால் மணி நேரம் ஆகும். இணைப்புக் கேபிளின் லாக் நட்டைத் தளர்த்தி நாலு சுற்று விட்டால் இரண்டு நிமிடம். முன் பிரேக்கின் சொந்தக் கேபிளையும் கொஞ்சம் தளர்த்திவிட்டால் சக்கரம் லேசாகச் சுற்றும். வண்டி இழுக்கும். வாடிக்கையாளர் சந்தோஷமாகப் போவார். “முன் பிரேக்கு கம்மியா இருக்கட்டும்ணே, அதான் சேஃப்டி” என்று அவரே சொல்லியும் இருப்பார்.

அன்றோடு அந்த வண்டியில் சிபிஎஸ் முடிந்துவிட்டது. இடது லிவர் முன்போலவே அழுந்தும், பின் பிரேக் முன்போலவே பிடிக்கும், சாதாரண ஓட்டத்தில் ஒரு வித்தியாசமும் தெரியாது. பள்ளிக்கூட வாசலில் குழந்தை குறுக்கே ஓடும் அந்த ஒரு நாளில்தான் தெரியும். சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 வருடம் செல்லும் என்பதால், அதுவரை எந்த அதிகாரியும் இதைச் சோதித்துப் பார்க்கப் போவதும் இல்லை. மெக்கானிக்கை மட்டும் குறை சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. முக்கால் மணி நேர வேலைக்குக் கூலி கொடுக்க முனகும் வாடிக்கையாளரும், முன் பிரேக் குறைந்தால் நல்லது என்ற நம்பிக்கையும் சேர்ந்துதான் அந்த நட்டைத் தளர்த்துகின்றன.

சரியான வேலை இப்படி. சக்கரத்தைக் கழற்றியதும் டிரம் தூசியை வாயால் ஊதக்கூடாது, காற்றடித்தும் பறக்கவிடக்கூடாது. ஈரத்துணியால் துடைக்க வேண்டும். டிரம்முக்குள்ளேயே அதிகபட்ச விட்டம் பொறித்திருக்கும். 130 மில்லிமீட்டர் டிரம் என்றால் பொதுவாக 131 வரை. அதைத் தாண்டித் தேய்ந்திருந்தால் புது ஷூ போட்டும் பயனில்லை. கேமை வெளியே இழுத்து, துருவை உப்புத்தாளால் நீக்கி, சூடு தாங்கும் கிரீஸைப் படலமாக மட்டும் தடவ வேண்டும். அள்ளி அப்பினால் சூட்டில் உருகி லைனிங்கில் இறங்கும். எண்ணெய் குடித்த ஷூவைக் கழுவிப் போடுவது வீண், மாற்றத்தான் வேண்டும். ஷூவின் மேற்பரப்பு கண்ணாடி மாதிரி பளபளத்தால் உப்புத்தாளால் லேசாகத் தேய்க்கலாம். இழுப்பு ஸ்பிரிங் நீண்டு தொய்ந்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும். திரும்பப் பூட்டும்போது, ஆக்ஸில் நட்டை முழுதாக இறுக்குவதற்கு முன் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, முன் பிரேக்கைப் பிடித்தபடியே இறுக்கினால் ஷூ இரண்டும் டிரம்மின் நடுவில் அமரும். இதைச் செய்யாமல் விடுவதால்தான் புது ஷூ போட்ட பிறகும் ஒரு பக்கம் உரசும்.

அட்ஜஸ்ட் செய்யும் வரிசையும் முக்கியம். முதலில் பின் சக்கர அட்ஜஸ்டர் நட்டு. இதன் உட்பக்கம் குழிவாக இருக்கும். பிரேக் ஆர்மில் இருக்கும் உருண்டைப் பின்மேல் அந்தக் குழிவு பொருந்தி உட்கார வேண்டும். அதனால் அரைச்சுற்று அரைச்சுற்றாகத்தான் திருப்ப முடியும். குழிவு உட்காராமல் முனையில் நின்றால், வண்டி கொஞ்சம் ஓடியதும் நட்டு தானாக இறங்கி லிவர் தளர்ந்துவிடும். அடுத்து வலது லிவருக்கான முன் சக்கர அட்ஜஸ்டர். கடைசியாகத்தான் இணைப்புக் கேபிள். லிவர் முனையில் பிடிக்காமல் அசையும் தூரம் வண்டிக்கு வண்டி மாறும், சுமார் 20 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். உங்கள் மாடலுக்கான எண் கையேட்டில் அச்சாகியிருக்கிறது. பின் சக்கர நட்டை மட்டும் இறுக்கிக்கொண்டே போனால் ஈக்வலைசர் கோல் ஒரு பக்கமாகச் சாய்ந்து, முன் பக்கம் இழுக்க இடமில்லாமல் போய்விடும். லைனிங் தேயத் தேயப் பின்னால் மட்டும் டைட் வைத்த பல வண்டிகளில் சிபிஎஸ் செத்துப்போவது இப்படித்தான். பிரேக் ஆர்ம் அருகே ஒரு அம்புக்குறி இருக்கும். பிரேக்கை முழுதாகப் பிடிக்கும்போது அது எதிரே இருக்கும் குறியைத் தொட்டுவிட்டால், இனி இறுக்குவதில் அர்த்தமில்லை, ஷூ மாற்ற வேண்டும்.

சோதிக்க இரண்டு பேர் போதும். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, ஒருவர் பின் பக்கம் கிராப் ரெயிலை அமுக்கினால் முன் சக்கரம் மேலே எழும். இன்னொருவர் முன் சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டு இடது லிவரை மெதுவாக அழுத்த வேண்டும். பாதி தூரம் வரை சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும், அது சரிதான். மேலும் அழுத்தினால் பிடித்து நிற்க வேண்டும். லிவர் ஹேண்டில் கிரிப்பைத் தொட்ட பிறகும் சக்கரம் சுற்றினால் இணைப்பு வேலை செய்யவில்லை. விட்டவுடன் சக்கரம் மறுபடி தடையின்றிச் சுற்றுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். சர்வீஸுக்கு விட்ட வண்டியை எடுக்கும்போது இதைச் செய்துவிட்டே பணம் கொடுக்கலாம்.

சிபிஎஸ்ஸைக் குறை சொல்பவர்களின் பேச்சில் நியாயமும் இருக்கிறது. மணல் படிந்த இடத்தில் ஹேண்டிலை ஒடித்து யூ-டர்ன் போடும்போது இடது லிவரை ஆழமாக அழுத்தினால் முன் சக்கரமும் பிடித்து வண்டி சரியும். பழைய வண்டியில் பின் பிரேக் மட்டும் பிடித்துத் திரும்பிப் பழகியவருக்கு இது புது அனுபவம். இதற்குத் தீர்வு கேபிளைத் தளர்த்துவதில் இல்லை. லேசான அழுத்தத்தில் விசை பின்னாலேயே நிற்கும்படி ஸ்பிரிங் இருக்கிறது. திரும்பும் முன்பே வேகத்தைக் குறைத்துக்கொண்டு, திரும்பும்போது விரல் நுனியால் மட்டும் தொட்டால் போதும். சக்கரம் பூட்டுவதைச் சிபிஎஸ் தடுக்காது. இரண்டு சக்கரத்துக்கும் வேலையைப் பிரித்துக் கொடுப்பதோடு அதன் கடமை முடிகிறது.

லிவர் துடிக்கும்போது

ஏபிஎஸ் உள்ள வண்டியில் டிஸ்க்குக்குப் பக்கத்தில் துளையோ பல்லோ வரிசையாக வெட்டிய ஒரு வளையம் சுற்றும். அதன் எதிரே, ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் சென்சார். துளைகள் கடந்துபோகும் வேகத்தை வைத்துச் சக்கரத்தின் வேகத்தைக் கணக்கிடுகிறது. வண்டி ஓடும் வேகத்தைவிடச் சக்கரம் கொஞ்சம் மெதுவாகச் சுற்றும்போதுதான், அதாவது 10 முதல் 20 விழுக்காடு வரை வழுக்கும்போதுதான், டயரின் பிடிமானம் உச்சத்தில் இருக்கும். அதைத் தாண்டிச் சக்கரம் திடீரென வேகம் இழந்தால் பூட்டப்போகிறது என்று அர்த்தம். உடனே பெட்டிக்குள் ஒரு வால்வு மூடி, லிவரிலிருந்து மேலும் அழுத்தம் போகாமல் தடுக்கும். போதாவிட்டால் இன்னொரு வால்வு திறந்து டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரிலிருந்து கொஞ்சம் ஆயிலை வெளியே விடும். சக்கரம் மீண்டும் வேகம் பிடித்ததும் சின்ன மோட்டார் பம்ப் அந்த ஆயிலைத் திருப்பித் தள்ளும். நொடிக்குப் பல முறை இது நடப்பதைத்தான் விரலில் கடகடவென்ற துடிப்பாக உணர்கிறோம். முதல் வால்வு மின்சாரம் இல்லாதபோது திறந்தே இருக்கும்படி செய்யப்பட்டது. அதனால் “ஏபிஎஸ் போச்சுன்னா பிரேக்கே போயிருமா” என்ற பயம் வேண்டாம். ஃப்யூஸ் போனாலும் சாதாரண டிஸ்க் பிரேக் அப்படியே வேலை செய்யும்.

இந்தியச் சட்டம் சிங்கிள் சேனல் ஏபிஎஸ்ஸையும் ஏற்றுக்கொள்கிறது. அதாவது முன் சக்கரத்துக்கு மட்டும். விலை குறைந்த 150, 160 சிசி வண்டிகளில் பெரும்பாலும் இதுதான். பூட்டினால் ஆளைக் கீழே தள்ளும் சக்கரம் முன் சக்கரம் என்பதால், ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் அதற்குக் கொடுப்பது சரியான முடிவு. ஆனால் நம் ஊர்ப் பழக்கத்தோடு சேர்த்துப் பாருங்கள். பெட்ரோல் டேங்கில் ஏபிஎஸ் ஸ்டிக்கர் மின்னும். ஓட்டுபவர் காலை மட்டும் நம்புகிறவர். நாய் குறுக்கே வரும்போது பெடலை மிதிக்கிறார். பின் சக்கரம் பூட்டி, கறுப்புக் கோடு போட்டபடி வண்டி பக்கவாட்டில் போகிறது. “ஏபிஎஸ் வண்டின்னு ஏமாத்திட்டாங்க” என்கிறார். அந்த வண்டியின் ஏபிஎஸ் அன்று விழித்துக்கொள்ளவே இல்லை. முன் பிரேக்கைத் தொடாதவருக்கு சிங்கிள் சேனல் ஏபிஎஸ் இருந்தும் இல்லாததும் ஒன்றே. இந்த ஒன்றை ஷோரூமில் சாவி கொடுக்கும்போது உரக்கச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

இரண்டு சக்கரத்துக்கும் உள்ள டூயல் சேனல் வாங்க முடிந்தால் அதையே வாங்குங்கள், நிறத்துக்கும் கிராஃபிக்ஸுக்கும் கொடுக்கும் காசை இதற்குக் கொடுக்கலாம். அதற்கும் எல்லைகள் உண்டு. ஜல்லி, ஆழமான மணல் போன்ற இடங்களில் பூட்டிய சக்கரம் மண்ணைக் குவித்து நிறுத்தும். ஏபிஎஸ் அதை விடாமல் உருட்டிக்கொண்டே போவதால் நிற்கும் தூரம் கூடும். ராயல் என்ஃபீல்டு ஹிமாலயனில் 2020 முதல் பின் சக்கர ஏபிஎஸ்ஸை மட்டும் அணைக்கும் வசதி தந்தது மண் பாதைக்காகத்தான். தார் ரோட்டுக்கு வந்ததும் திரும்பப் போட்டுவிட வேண்டும். குண்டும் குழியுமான இடத்தில் சக்கரம் ஒரு கணம் தரையை விட்டு எழும்பினால் ஏபிஎஸ் பிரேக்கைத் தளர்த்தும், லிவர் வெறுமையாகப் போவது போல இருக்கும். மறுகணம் பிடித்துவிடும். வளைவில் சாய்ந்திருக்கும்போது சாதாரண ஏபிஎஸ்ஸுக்குச் சாய்வு தெரியாது. அதற்கான கார்னரிங் ஏபிஎஸ் கேடிஎம் 390 அட்வெஞ்சர் போன்ற சில வண்டிகளில்தான் இருக்கிறது.

விளக்கும் வளையமும் ஆயிலும்

சாவியைத் திருப்பியதும் மீட்டரில் ஏபிஎஸ் விளக்கு எரிய வேண்டும். வண்டி நகர்ந்து 5 முதல் 10 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதும் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றாலும் தவறு, அணையவில்லை என்றாலும் தவறு. சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி கியர் போட்டு ஓடவிட்டால், பின் சக்கரம் சுற்றுகிறது முன் சக்கரம் நிற்கிறது என்று குழம்பி விளக்கு எரியக்கூடும். செயின் சுத்தம் செய்த பிறகு விளக்கு எரிந்தால் பதற வேண்டாம். சாவியை அணைத்துப் போட்டு ஓட்டினால் போய்விடும்.

உண்மையான சேதம் பெரும்பாலும் பஞ்சர் கடையில்தான் நடக்கிறது. டியூப் வைத்த டயர் என்றால் சக்கரத்தைக் கழற்றி, டிஸ்க் பக்கம் தரையில் படும்படி படுக்கவைத்து, மேலே ஏறி நின்று நெம்புகோல் போடுவார்கள். சென்சார் வளையம் மெல்லிய தகடு. ஒரு மில்லிமீட்டர் வளைந்தால் போதும், ஒரு சுற்றுக்கு ஒரு முறை சென்சாரை உரசும் அல்லது விலகிப் போகும். டிஸ்க் பக்கத்தை மேலே வைக்கச் சொல்லுங்கள், முடியாவிட்டால் கீழே ஒரு பழைய டயரைப் போடச் சொல்லுங்கள். திரும்பப் பூட்டும்போது இடம் வலம் ஸ்பேசர் மாறிவிட்டாலும் இடைவெளி கெடும். சென்சார் ஒயர் ஃபோர்க்கில் அதன் கிளிப்பில் உட்கார்ந்திருக்கிறதா என்று ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். டயர் மாற்றும்போது அகலத்துக்கு ஆசைப்பட்டு வேறு அளவு போட்டால் இரண்டு சக்கரத்தின் சுற்றளவு விகிதமும் மாறும். கம்பெனி அளவே போதும்.

பிரேக் ஆயில் ஏபிஎஸ் வண்டியில் இன்னும் முக்கியம். டாட் 4 ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புதிதில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரம், 3.7 விழுக்காடு தண்ணீர் சேர்ந்த பிறகு அந்த வரம்பு 155 டிகிரிதான். மலைப்பாதை இறக்கத்தில் அந்தச் சூடு வந்துவிடும். ஆயில் கொதித்து ஆவியானால் லிவர் பஞ்சு மாதிரி அமுங்கும். அதோடு, ஈரம் சேர்ந்த ஆயில் ஏபிஎஸ் பெட்டிக்குள் இருக்கும் நுண்ணிய வால்வுகளைத் துருப்பிடிக்க வைக்கும், பெட்டி மாற்றுவது சின்னச் செலவில்லை. ஓடிய கிலோமீட்டர் எவ்வளவாக இருந்தாலும் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றிவிட வேண்டும். சீல் உடைத்து மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்த பாட்டிலை வேண்டாம் என்று சொல்லுங்கள். மாற்றும்போது மேலே இருக்கும் டப்பாவில் ஆயில் ஒருபோதும் அடிமட்டத்துக்கு இறங்கக்கூடாது. காற்று ஏபிஎஸ் பெட்டிக்குள் நுழைந்துவிட்டால் சாதாரணமாக பிளீடிங் செய்து, அதாவது ஆயிலோடு சேர்த்துக் காற்றை வெளியே தள்ளி, எடுப்பது கடினம்; சில மாடல்களில் வால்வுகளைத் திறந்து மூடக் கம்பெனியின் கணினிக் கருவி தேவைப்படும்.

பழகிப் பார்க்க

பயம் கையில் இருப்பதால் அது கையில்தான் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக் காலை, ஆளில்லாத நேரான இடம், காய்ந்த தரை, ஹெல்மெட், ஷூ, கையுறை. தரையில் சுண்ணாம்புத் தூளால் ஒரு கோடு. 30 கிலோமீட்டர் வேகத்தில் வந்து கோட்டில் பின் பிரேக்கை மட்டும் பிடித்து நின்ற இடத்தில் ஒரு கல் வையுங்கள். அடுத்து முன் பிரேக்கை மட்டும்: இரண்டு விரல், முதலில் தொட்டு ஃபோர்க் அமுங்கவிட்டு, பிறகு அழுத்தம். அடுத்து இரண்டும் சேர்த்து, பைக் என்றால் கிளட்சையும் பிடித்து. ஹேண்டில் நேராக இருக்க வேண்டும், பார்வை தூரத்தில் இருக்க வேண்டும், முட்டி டேங்கை இறுக்கியிருக்க வேண்டும். மூன்று கல்லுக்கும் நடுவே இருக்கும் தூரத்தை அடி வைத்து அளந்து பாருங்கள். பிறகு 40.

முன் சக்கரத்தில் ஏபிஎஸ் இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்து, அதன் விளக்கும் சரியாக அணைகிறது என்றால், கடைசிக் கட்டமாக 30 வேகத்தில், வண்டி நேராக இருக்கும்போது, லிவர் துடிக்கும் வரை அழுத்துங்கள். முதல் முறை அந்தத் துடிப்பு வந்ததும் ஏதோ உடைந்துவிட்டது என்று நினைத்து கை தானாக விட்டுவிடும். எல்லோருக்கும் விடும். இரண்டாவது முறையும் விடும். மறுபடி கோட்டுக்குப் போய்த் திரும்பி வாருங்கள். வண்டி முழுதாக நின்று கால் தரையில் ஊன்றும் வரை விரல் லிவரை விடாமல் இருக்கும் அந்த முறை வரும்வரை வாருங்கள்.